மாடிப்படியில் யாரும் பொய் சொல்வதில்லை

ராத்திரி கதவு ஏன் சத்தம் போட்டது என்று கணவன் கேட்கிறான். குழந்தைப் பக்கத்தில் இருந்த விளக்கு அணைந்துவிட்டது, அடுத்த வீட்டுக்குப் போய் ஏற்றிக்கொண்டு வந்தேன் என்கிறாள் மனைவி. அவன் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. ஆனால் ஒன்று மட்டும் கண்ணில் படுகிறது. அவள் முகத்தில் வெள்ளைப் பூச்சு இருக்கிறது. அவளுடைய சகோதரன் இறந்து முப்பது நாள்கூட ஆகவில்லை.

ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன், ஏதென்ஸில் ஒரு கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் சொன்ன கதை இது. அவர் பெயர் யூஃபிலீட்டஸ். தன் மனைவியின் கள்ளக்காதலன் எரடோஸ்தனிஸைத் தன் வீட்டிலேயே பிடித்துக் கொன்றவர். கையும் களவுமாகப் பிடித்தால் கொல்லலாம் என்று சட்டம் இருந்தது, நான் சட்டப்படிதான் செய்தேன் என்பது அவர் வாதம். இல்லை, திட்டம் போட்டு வலையில் விழவைத்துக் கொன்றாய் என்கிறது எதிர்த்தரப்பு. அவருக்காகப் பேச்சை எழுதிக் கொடுத்தவர் லிசியாஸ். பேச்சு முழுசாகக் கிடைத்திருக்கிறது. தீர்ப்பு பற்றி எங்கேயும் ஒரு வரி இல்லை.

யூஃபிலீட்டஸ் சொன்னது உண்மையா என்று கேட்டால் யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த விளக்கைப் பாருங்கள். நடுராத்திரியில் ஒரு குடும்பப்பெண் நெருப்பு வாங்க அடுத்த வீட்டுக்குப் போய்வருவது கேட்பவர்களுக்கு விநோதமாகப் பட்டிருந்தால், "அவள் அப்படிச் சொன்னாள், நானும் நம்பினேன்" என்று அவரால் சொல்லியிருக்கவே முடியாது. கொலையைப் பற்றிப் பொய் சொல்லலாம். ஊர் முழுக்கத் தினம் பார்க்கிற விஷயத்தைப் பற்றிப் பொய் சொன்னால் நடுவர்கள் சிரித்துவிடுவார்கள். பழைய ஏதென்ஸின் அன்றாட வாழ்க்கையைத் தேடுகிறவர்கள் கோயில் தூண்களை விட்டுவிட்டு இந்த வழக்குப் பேச்சுகளை அலசுவதற்கு இதுதான் காரணம்.

நீதிமன்றம் நடந்த விதத்தைத் தெரிந்துகொண்டால் இது இன்னும் புரியும். ஏதென்ஸில் வக்கீல் என்றொரு தொழில் கிடையாது. வழக்கு யாருடையதோ அவரே எழுந்து நின்று பேசவேண்டும். வேண்டப்பட்டவர் ஒருவர் துணைக்குப் பேசலாம், அதற்குக் கூலி வாங்கக் கூடாது. பேசத் தெரியாதவர் காசு கொடுத்து எழுதி வாங்கி, மனப்பாடம் செய்து, தன் சொந்தப் பேச்சுபோல ஒப்பிப்பார். அப்படி எழுதிக் கொடுப்பதே ஒரு தொழிலானது. லிசியாஸும் ஈஸேயஸும் அதில் பேர் வாங்கியவர்கள். டெமாஸ்தனிஸ் அரசியலில் பெரிய ஆளாவதற்கு முன்னால் இதைத்தான் செய்தார்.

கேட்க உட்கார்ந்திருந்தவர்களும் சட்டம் படித்தவர்கள் அல்ல. முப்பது வயது தாண்டிய குடிமக்களில் ஆண்டுக்கு 6,000 பேரைக் குலுக்கலில் எடுப்பார்கள். சிறிய சொத்து வழக்குக்கு 201 பேர், பெரியதற்கு 401, பொதுவழக்கு என்றால் 501 அல்லது அதற்கும் மேல். கொலை வழக்குகளுக்கு மட்டும் தனி மன்றங்கள். நடுவராக உட்கார்ந்தால் நாளுக்கு மூன்று ஓபல். ஆறு ஓபல் ஒரு டிராக்மா, அதுதான் ஒரு கைத்தொழிலாளியின் நாள்கூலி அளவு. ஆகவே பெஞ்சில் இருந்தவர்களில் வயசாளிகளும் ஏழைகளும் கணிசமாக இருந்திருப்பார்கள். வழக்கு ஒரே நாளில் முடியும். நடுவர்கள் தங்களுக்குள் கலந்து பேசுவதில்லை. பேச்சு முடிந்ததும் நேரே போய் வெண்கல வாக்குவில்லையைப் போட வேண்டியதுதான். நேரத்தை அளக்க அடியில் துளை போட்ட மண்பானையில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார்கள். சந்தைத் திடலான அகோராவைத் தோண்டியபோது அப்படி ஒரு பானை கிடைத்தது. தண்ணீர் முழுசாக வடிய சுமார் ஆறு நிமிடம். பெரிய தொகை சம்பந்தப்பட்ட வழக்கென்றால் பல பானை கிடைக்கும், சின்ன வழக்குக்குக் கொஞ்சம்தான்.

கைரேகையும் கிடையாது, பிரேதப் பரிசோதனையும் கிடையாது. இருப்பது பானைத் தண்ணீரும் ஒரு கதையும்தான். அந்தக் கதை நம்பும்படி இருந்தாகவேண்டும். அதனால் பேச்செழுதியவர்கள் பெரிய பெரிய வார்த்தைகளைவிடச் சில்லறை விவரங்களையே நம்பினார்கள். அவற்றில்தான் நமக்கு வேண்டியது கிடைக்கிறது.

யூஃபிலீட்டஸின் வீட்டுக்கே திரும்புவோம். சின்ன வீடு, கீழே ஒரு கட்டு, மேலே அதே அளவில் இன்னொரு கட்டு. வழக்கப்படி பெண்கள் மேலே, ஆண்கள் கீழே. குழந்தை பிறந்தது. தாய்ப்பால் கொடுக்கிற பெண், பிள்ளையைக் குளிப்பாட்ட ஒவ்வொரு தடவையும் மாடிப்படி இறங்கி வரவேண்டியிருந்தது. விழுந்துவிடுவாளோ என்று பயந்து ஏற்பாட்டை மாற்றினார்கள். அவர் மேலே போனார், பெண்கள் கீழே வந்தார்கள். குழந்தை அழுதால் மனைவி கீழே போய்ப் படுத்துக்கொள்வாள். வழக்குக்கு இந்த மாற்றம் முக்கியம், ஏனென்றால் வாசல் பக்கம் இப்போது மனைவியின் கையில். நமக்கோ இது வேறு விதத்தில் முக்கியம். பெண்களுக்குத் தனிக்கட்டு, ஆண்களுக்குத் தனிக்கட்டு என்ற விதி ஒரு கைக்குழந்தைக்காக ஒரே நாளில் தலைகீழாகிவிடுகிறது. விதியை மட்டும் படித்தவர்களுக்கு இது தெரியவே தெரியாது.

ஒருநாள் வயலிலிருந்து அவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிடுகிறார். சாப்பாடு ஆனதும் குழந்தை வீல் வீலென்று கத்துகிறது. எஜமானி இறங்கி வரட்டும் என்று வேலைக்காரப் பெண் வேண்டுமென்றே அதைச் சீண்டி அழவைத்திருக்கிறாள், ஏனென்றால் காதலன் கீழே வந்தாயிற்று. இது அவருக்குப் பின்னால்தான் தெரியவருகிறது. போய்ப் பால் கொடு என்கிறார். அவள் போக மாட்டேன் என்கிறாள், ரொம்ப நாள் கழித்து வந்த கணவனைப் பிரிய மனமில்லாதவள்போல. அவர் அதட்டியதும் ஒரு பதில் வருகிறது: நான் போனால் நீ இந்தப் பெண்ணிடம் வம்பு செய்யலாம் என்றுதானே, முன்னாலேயே ஒரு தடவை குடித்துவிட்டு அவளைப் பிடித்து இழுத்தவன்தானே நீ. அவர் சிரிக்கிறார். அவளும் விளையாட்டாகக் கதவைச் சாத்தி, சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். விடியும்போதுதான் திறக்கிறாள்.

என் கணக்கில் இந்தப் பேச்சிலேயே அதிகம் நம்பத்தக்க இடம் இதுதான். உயிருக்காக வாதாடுகிற ஒரு ஆள், தான் குடித்துவிட்டு வேலைக்காரப் பெண்ணிடம் தப்பாக நடந்ததைத் தன் வாயாலேயே சொல்கிறான், அதுவும் பெரிய விஷயமில்லை என்கிற பாவனையில். லிசியாஸ் கெட்டிக்காரர். மறைக்கத் தெரியாத அப்பாவி என்று காட்டத்தான் இதைச் சேர்த்திருப்பார். ஆனாலும் ஒரு அடிமைப் பெண்ணுக்கு அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பது நடுவர்களுக்குத் தெரிந்த கதையாக இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இதைச் சிரிப்போடு சொல்லிக் கடந்துபோயிருக்க முடியாது.

வேறு வழக்கில் வேறு வகைப் பெண் வருகிறாள். ஏதென்ஸும் ஸ்பார்டாவும் மோதிய பெலப்பொன்னேசியப் போர் தொடங்கிய முதல் ஆண்டில் செத்தவர்களுக்காக ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளிஸ் ஆற்றிய புகழ்பெற்ற இரங்கல் உரையில், ஆண்கள் வாயில் நல்லதாகவோ கெட்டதாகவோ அதிகம் அடிபடாமல் இருப்பதே பெண்ணுக்குப் பெருமை என்று வரும். மேடைப் பேச்சு அப்படித்தான் இருக்கும். கி.மு. 346-க்குப் பக்கத்தில் யூக்ஸிதியஸ் என்பவர் நீதிமன்றத்தில் நின்று, ஆமாம், என் அம்மா சந்தையில் ரிப்பன் விற்றாள், அதிலென்ன என்று கேட்கிறார்.

அந்த ஆண்டு ஏதென்ஸ் முழுக்கக் குடியுரிமைப் பட்டியலைச் சலித்தார்கள். ஒவ்வொரு ஊர்ப்பிரிவும் தன் ஆட்களைப் பேர் பேராக வாசித்து வாக்கெடுக்கவேண்டும். யூக்ஸிதியஸின் ஊர் ஹாலிமஸ், நகரத்திலிருந்து 35 ஸ்டேட், அதாவது ஆறு கிலோமீட்டர்போல. கூட்டம் நகரத்தில் நடந்தது. அவருக்குப் பகையாளியான யூபுலிடிஸ் பேசிப் பேசிப் பொழுதைக் கடத்தினானாம். இருட்டியதும் வயசாளிகள் எழுந்து ஊருக்கு நடையைக் கட்டிவிட்டார்கள். பிறகுதான் இவர் பேரைக் கூப்பிட்டார்கள். மிச்சமிருந்தது முப்பது பேருக்குமேல் இல்லை, எண்ணிப் பார்த்தால் வாக்குகள் அறுபதுக்கு மேல். நீக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்து தோற்றால் அடிமையாக விற்கப்படலாம். அதனால் அவர் உயிர்ப்பயத்தோடு பேசினார்.

அம்மாமேல் இருந்த குற்றச்சாட்டு இரண்டு: ரிப்பன் விற்றாள், அடுத்தவர் பிள்ளைக்குப் பால் கொடுத்துக் கூலி வாங்கினாள். குடிமகள் இப்படியெல்லாம் செய்வாளா என்பது எதிராளியின் கேள்வி. யூக்ஸிதியஸ் எதையும் மறுக்கவில்லை. அப்பா போருக்குப் போயிருந்தார், கையில் இரண்டு குழந்தைகள், வறுமை. போர்க்காலத்தில் எத்தனையோ குடிமகள்கள் செவிலியாகவும் கம்பளி நூற்பவளாகவும் திராட்சை பறிக்கும் கூலியாகவும் போகவில்லையா என்கிறார். சந்தையில் தொழில் செய்வதைச் சொல்லி ஒரு குடிமகனையோ குடிமகளையோ இழிவாகப் பேசினால் தண்டனை உண்டு என்ற சட்டத்தையும் எடுத்துக் காட்டுகிறார். கடைசியில் ஒரு போடு போடுகிறார்: சந்தையில் கடை போடும் வெளியூர்க்காரர்களுக்குத் தனி வரி உண்டு, என் அம்மா வெளியூர்க்காரி என்றால் அந்த வரிக்கணக்கைக் கொண்டுவந்து காட்டுங்கள்.

ரிப்பன் கடை, தாய்ப்பால் கூலி, வெளியூரார் வரி. சரித்திர ஆசிரியர் ஒருவரும் இதைப் போற்றிப் பாதுகாக்க நினைத்திருக்க மாட்டார். ஒரு ஆளின் குடியுரிமை இதில் தொங்கியதால் எழுத்தில் ஏறியது. தொழில் செய்வதைக் கேவலமாகப் பேசியவர்கள் இருந்ததால்தான் அந்தச் சட்டமே தேவைப்பட்டது என்பதையும் கவனிக்கவேண்டும்.

சண்டைகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது கல்லிகிளிஸ் வழக்கு. வரப்புத் தகராறு என்று நாம் சொல்வோமே, அதன் அட்டிக்கா வடிவம் (அட்டிக்கா என்பது ஏதென்ஸைச் சுற்றிய நாட்டுப்புறம்). மலையடிவாரத்தில் இரண்டு நிலம், நடுவே பாதை. மழை பெய்தால் வெள்ளம் வரும். ஒருவருடைய அப்பா சுவர் எழுப்பிவிட்டார், அதனால் வெள்ளம் என் பக்கம் திரும்பிவிட்டது என்று அடுத்த நிலத்துக் கல்லிகிளிஸ் 1,000 டிராக்மா கேட்கிறார். பிரதிவாதி சொல்லும் பதிலில் ஒரு வரி: அந்தத் தண்ணீரை நான் என்னதான் செய்யட்டும், குடித்துத் தீர்க்கச் சொல்கிறாரா கல்லிகிளிஸ்? நஷ்டம் எவ்வளவு என்பதும் இவருக்குத் தெரிந்திருக்கிறது. இவர் அம்மாவும் கல்லிகிளிஸின் அம்மாவும் சிநேகிதிகள். வெள்ளம் வடிந்ததும் இந்த அம்மா அங்கே போயிருக்கிறாள். நனைந்துபோன பார்லியைக் காயவைத்திருந்தார்கள், மூன்று மெடிம்னஸ்கூட இருக்காது. அரை மெடிம்னஸ் மாவு. ஒரு எண்ணெய்ச் சாடி சாய்ந்திருந்தது, சேதமில்லை. ஒரு மெடிம்னஸ் என்பது ஐம்பது லிட்டர் சொச்சம். ஆண்கள் கோர்ட்டுக்கு எடுத்துப்போன கணக்கு, இரண்டு அம்மாக்கள் ஒருத்தியிடம் ஒருத்தி புலம்பியதிலிருந்து வந்தது.

அடிதடி வழக்கும் உண்டு. கோனான் என்ற ஐம்பது தாண்டிய பெரிய மனுஷனும் அவன் மகனும் கூட்டாளிகளும் சேர்ந்து, சாயங்காலம் அகோராவில் உலாவிக்கொண்டிருந்த அரிஸ்டன் என்ற இளைஞனைச் சேற்றில் தள்ளி மிதிக்கிறார்கள். மேலாடையை உருவிக்கொள்கிறார்கள். பிறகு கோனான், ஜெயித்த சண்டைச்சேவல்போலக் கூவுகிறான், கூட இருந்தவர்கள் முழங்கையை இறக்கைபோல விலாவில் அடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ஆரம்பம் என்னவென்றால், ராணுவ முகாமில் மத்தியானச் சாப்பாட்டிலிருந்தே குடிக்கிற பிள்ளைகள், பக்கத்துக் கூடாரத்து வேலைக்காரர்கள்மேல் மூத்திரச் சட்டியைக் கவிழ்த்தார்களாம். பணக்கார வீட்டுப் பையன்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று கோனான் சிரித்து மழுப்பப் போகிறான், ஏமாந்துவிடாதீர்கள் என்று அரிஸ்டன் முன்கூட்டியே எச்சரிக்கிறான். அந்தச் சால்ஜாப்பு அன்றைக்கே பழசாகியிருக்கிறது.

அரசியல் மேடைக்கு வந்தால் அன்றாட வாழ்க்கையைக் காட்டும் இந்த ஜன்னல் கொஞ்சம் குறுகிவிடும், ஆனாலும் மூடிவிடாது. கி.மு. 339-இல் மாசிடோனிய மன்னன் ஃபிலிப், நடுக் கிரேக்க நகரமான எலட்டியாவைப் பிடித்துவிட்டான் என்று சேதி வந்த இரவை டெமாஸ்தனிஸ் ஒன்பது ஆண்டு கழித்து நினைவுபடுத்துகிறார். சாயங்காலம் ஆகிவிட்டது, நிர்வாகக் குழுவினர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடிச் சந்தைக் கடைகளைக் காலி செய்கிறார்கள், தட்டிகளைக் கொளுத்துகிறார்கள். ஒரு நாட்டின் தலையெழுத்து மாறிய இரவு, நமக்குத் தெரிவதோ சந்தைக் கடைகள் பின்னிய தட்டிகளால் ஆனவை என்பது. அதே பேச்சில் தன் எதிரி ஈஸ்கினிஸை அவர் வாரும் வாருதலில், உன் அப்பனோடு பள்ளிக்கூடத்தில் மை அரைத்தாய், பெஞ்சைத் துடைத்தாய், தரையைக் கூட்டினாய் என்று வரும். ஒரு ஏழைப் பள்ளி ஆசிரியர் வீட்டுப் பிள்ளையின் காலைவேளை முழுசாக இந்த வசவுக்குள் இருக்கிறது. ஈஸ்கினிஸின் அப்பா அடிமை என்றும் சொல்கிறார், அதை நம்பவேண்டியதில்லை. மை அரைப்பதை நம்பலாம்.

இந்த ஜன்னலுக்கும் ஒரு எல்லை இருக்கிறது. பேச்செழுத ஆள் வைக்கக் காசு இருந்தவர்களின் வழக்குகளே பெரும்பாலும் மிஞ்சின. மிஞ்சியதும் வாழ்க்கைக் குறிப்புக்காக அல்ல. நல்ல அட்டிக் நடைக்கு, அதாவது ஏதென்ஸ் வட்டாரத்துக் கிரேக்க நடைக்கு, மாதிரி என்று பிற்காலத்துப் பள்ளிகள் பத்துப் பேச்சாளர்களைத் தேர்ந்து பிள்ளைகளை உருப்போட வைத்தன. பார்லி நனைந்த கதை இலக்கண வாத்தியார் புண்ணியத்தில் தப்பியது. எகிப்தின் மணலும் கொஞ்சம் உதவியது. ஹைபரிடிஸ் எழுதிய ஒரு பேச்சு, கடனில் மூழ்கிப்போன வாசனைத்தைலக் கடை ஒன்றைக் காதல் மயக்கத்தில் இருந்த இளைஞன் தலையில் கட்டிய கதை, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாப்பிரஸ் சுருளில் வந்து சேர்ந்தது. நாற்பது மினா கொடுத்து வாங்கியபின்தான் ஐந்து டேலன்ட் கடன் இருப்பது அவனுக்குத் தெரிகிறது. ஒரு டேலன்ட் அறுபது மினா, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஏழைகள் அறவே இல்லை என்றும் சொல்லமுடியாது. நாளுக்கு ஒரு ஓபல் ஊனமுற்றோர் உதவித்தொகை வாங்கிவந்த ஒருவர், அதை நிறுத்தச் சொன்னவனுக்கு எதிராக 500 பேர் கொண்ட மன்றத்தின் முன் பேசுகிறார். குதிரை ஏறுகிறான், இவன் ஊனமா என்பது புகார். இரவல் குதிரை, சொந்தமாகக் கோவேறு கழுதை வாங்க வக்கிருந்தால் இரவல் எதற்கு என்கிறார். மற்றவர்கள் ஒரு கோல் ஊன்றுகிறார்கள், நான் இரண்டு ஊன்றுகிறேன், அதையும் என் உடல் வலுவுக்கு அத்தாட்சி என்று சொல்லவேண்டியதுதானே என்று கேட்கிறார். அகோரா பக்கத்தில் அவருக்கு ஒரு கடை. கெட்டவர்கள் கூடுகிறார்கள் என்றால், ஊரே தைலக்கடையிலும் சிகைக்கடையிலும் செருப்புக்கடையிலும்தான் கூடுகிறது என்று பதில்.

ஆனால் பெண்களும் அடிமைகளும் அந்தத் தண்ணீர்ப் பானையின் முன் நிற்கவே முடியாது. பெண்ணின் பேச்சை ஆண்தான் கொண்டுவர வேண்டும். அடிமையின் வாக்குமூலம் சித்திரவதை செய்து வாங்கினால் மட்டுமே செல்லும். இன்னொரு வழக்கில் ஒரு கிழவி வருகிறாள். வாதியின் பழைய செவிலி. அவர் அப்பா விடுதலை செய்து கல்யாணம் செய்துவைத்தவள், புருஷன் செத்ததும் சாப்பாட்டுக்கு வழியில்லாமல் திரும்பி வந்தவள். வீட்டம்மா குழந்தைகளோடும் கிழவியோடும் முற்றத்தில் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எதிராளிகள் ஜப்திக்கு நுழைகிறார்கள். கிழவி தான் குடித்துக்கொண்டிருந்த கிண்ணத்தை எடுத்து மார்போடு சொருகிக்கொள்கிறாள். அதைப் பிடுங்கும்போது அவள் கைகளெல்லாம் ரத்தம். ஆறாம் நாள் செத்துப்போகிறாள். கொலை வழக்குப் போடலாமா என்று எஜமானர் சாத்திரம் தெரிந்தவர்களிடம் கேட்கப் போகிறார். அவள் உனக்கு உறவுமில்லை, இப்போது அடிமையுமில்லை, உன்னால் வழக்குப் போட முடியாது என்கிறார்கள். விடுதலை பெற்றதால் அவளுக்காகக் கேட்க ஆளில்லாமல் போயிற்று. அவள் பெயர் பேச்சில் இல்லை.

யூஃபிலீட்டஸின் வேலைக்காரப் பெண்ணுக்கும் பெயரில்லை. உண்மையைச் சொல்கிறாயா, இல்லை சவுக்கடி கொடுத்து மாவு அரைக்கும் திரிகையில் தள்ளட்டுமா என்று மிரட்டியதும் எல்லாவற்றையும் கக்கியவள் அவள்தான். வழக்கின் முக்கியச் சாட்சி, ஆனால் வழக்கில் அவளைக் காணோம். கொலைக்குப் பின் மனைவி என்ன ஆனாள் என்றும் கணவன் சொல்லவில்லை. சட்டப்படி அவளைத் தள்ளிவைத்தாகவேண்டும், கோயில்களுக்குள் அவள் நுழையக் கூடாது. பேச்சு முழுக்க அவள் வாயிலிருந்து நேராக வருவது ஒரே ஒரு பேச்சு, வேலைக்காரப் பெண்ணிடம் வம்பு செய்யத்தானே என்னைப் போகச் சொல்கிறாய் என்று கணவனைக் கேட்டது. அதை நடுவர்களிடம் சொன்னவனும் அவன்தான்.